சேற்றுக் கோடு

எழுபத்தைந்தாம் ஆண்டு ஜனவரிக் கடைசியில் திருகோணமலைக்கு வேலைக்கு வந்தேன். பெண்கள் பாடசாலை ஒன்றில் விஞ்ஞான ஆசிரியை நியமனம். தங்குவதற்கு அதிபர் ஒரு விலாசம் எழுதித் தந்திருந்தார். பின்னேரம் பஸ்ஸால் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, உள்துறைமுகப் பக்கம் ஏறும் வீதியில் நடந்தேன்.

யுத்த காலத்தில் கடற்படைக்காரர் கட்டிய வீடு அது. தகரக் கூரை. சிவப்புச் சீமெந்து நிலம். மரங்களுக்கு இடையில் துறைமுகத் தண்ணீர் ஒரு துண்டு தெரிந்தது. அசைவில்லாத தண்ணீர்.

வாசற்கதவில் தட்டுவதற்குக் கையை எடுத்தேன்.

"தட்டாதேங்கோ!" உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடி வந்தா. "தட்டாதேங்கோ பிள்ளை. திறந்துதான் கிடக்குது. வாங்கோ, வாங்கோ."

அவதான் மக்டலின் அக்கா. தபால் கந்தோரில் வேலை. நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை. தகப்பன் பஸ்தியாம்பிள்ளையோடு தனியாக இருந்தா. தம்பி வின்சன்ட் கப்பலில் வேலை செய்தான்.

என் அறைக்கதவில் கொண்டி இல்லை. கழற்றிய இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் இருந்தன. அலுமாரிக்குக் கதவே இல்லை. குளியலறை வாசலில் ஒரு சாக்கு தொங்கியது.

"அப்பாவுக்கு மூடின சாமான் ஒத்துக்கொள்ளாது, தங்கச்சி" என்றா அக்கா. "போன வருஷம் சோத்துப்பானை மூடியைக் கிணத்துக்குள்ள போட்டிட்டார். நீங்கள் குளிக்கேக்க பாடுங்கோ. நாங்கள் கிட்ட வரமாட்டம்."

"எனக்குப் பாட வராது."

"அப்ப வாய்பாடு சொல்லுங்கோ."

அன்று நான் ஐதரசன், ஹீலியம், லிதியம் என்று சொல்லிச் சொல்லிக் குளித்தேன். கல்சியத்துக்கு வந்தபோது வெளியே அக்கா சிரிப்பது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது.

இப்போது என் வீட்டுக் கதவுகளிலும் கொண்டி இல்லை.

பஸ்தியாம்பிள்ளை ஐயா விறாந்தைக் கதிரையில் இருந்தபடியே இருப்பார். வலது காலைச் சீனி வருத்தம் முழங்காலோடு எடுத்துவிட்டது. இரண்டு கைகளும் நடுங்கும். துறைமுகத் தளத்தில் இருபத்தெட்டு வருடம் கப்பல்களின் துருவை உடைத்துப் பூச்சு அடித்தவர். அறுபத்தாறு வயதுக்கு மிகவும் சிறிய உடம்பு. பத்து வயதுப் பிள்ளையின் தோள்கள்.

இரண்டாவது கிழமை அவர் என் கைகளைப் பார்த்தார். நான் விறாந்தையில் இருந்து, பாடசாலைக்காகத் தாவரத் தண்டு ஒன்றைச் சவர அலகால் மெல்லிய வட்டங்களாகச் சீவிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளையின்ர கை ஆடேல்லை" என்றார்.

"ஓம் ஐயா. பழக்கம்."

"உள்ள ஒரு பெட்டி கிடக்குது. எடுத்துக்கொண்டு வாங்கோ."

வின்சன்ட் ஜப்பானிலிருந்து அனுப்பிய அட்டைப் பெட்டி. மேலே ஒரு யுத்த தாங்கியின், அதாவது டாங்கியின், படம். உள்ளே பச்சைப் பிளாஸ்ரிக் துண்டுகள் சட்டங்களில் ஒட்டியபடி, ஒரு தாளில் ஜப்பான் எழுத்து, சின்னச் சின்னப் படங்கள். ஒட்டிப் பூச்சடித்தால் உண்மையானதில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் ஒரு தாங்கி வரும். வின்சன்டிடம் இதையே கேட்டு அவர் நான்கு வருடம் கடிதம் எழுதியிருக்கிறார்.

"இதைச் செய்து தாங்கோ. புதுசா வேண்டாம். சண்டையில கிடந்த மாதிரி, துருப்பிடிச்சு, சேறு ஏறி. நான் சொல்லுற மாதிரி." அவர் மூச்சு எடுத்தார். "ஈஸ்டருக்கு முதல் வேணும். அதுக்குப் பிறகு நான் இருக்கமாட்டன். இதை முடிக்காமல் என்னால போக ஏலாது."

எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. சிறு வயதிலிருந்தே அப்படி. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால் மணி அடிக்க வெட்கப்பட்டு அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வருவேன்.

"ஓம் ஐயா" என்றேன்.

பாடசாலை முடிந்து இரண்டரைக்கு வருவேன். அக்கா ஐந்து மணிக்குத்தான் வருவா. அந்த இடைவெளியில் விறாந்தை மேசையில் பத்திரிகைத் தாளை விரித்து வேலை செய்தேன். உருளும் சில்லுகள், சங்கிலி, உடம்பு, மேலே சுழலும் தலை, துப்பாக்கிக் குழாய். தலையின் உச்சியில் ஆள் இறங்கும் வட்ட மூடி, ஐந்து சத நாணயத்திலும் சிறியது. அதைத் திறந்தும் ஒட்டலாம், மூடியும் ஒட்டலாம் என்று தாளில் இரண்டு படங்கள் இருந்தன. எப்படி என்று கேட்கத் திரும்பினேன். ஐயா கதிரையில் தூங்கிவிட்டிருந்தார். எழுப்ப வெட்கமாக இருந்தது.

மூடியே ஒட்டினேன்.

அந்தப் பசை பிளாஸ்ரிக்கைக் கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்த பிறகு இரண்டு துண்டு என்று ஒன்று இல்லை.

முதலில் பச்சை அடித்தேன். காய்ந்த பிறகு கறுப்பை டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்து மேலே ஓட விட்டேன். அது இடுக்குகளில் போய்த் தங்கியது. பிறகு வெளிறிய நிறத்தில் தூரிகையைத் தோய்த்து, துணியில் முக்கால்வாசியும் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் தடவினேன். விளிம்புகள் தேய்ந்த மாதிரி வந்தன. பிளாஸ்ரிக் பாரம் பெற்றது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஐயா பார்த்துத் தலையசைத்தார். துருவுக்கு வந்தபோதுதான் பிரச்சினை. செம்மண் நிறம் கலந்து காட்டினேன்.

"இல்லை."

கபிலம் கலந்து காட்டினேன்.

"இல்லைப் பிள்ளை. அது இப்பிடி இல்லை."

"எது ஐயா?"

அவர் நடுங்கும் விரலால் தாங்கியின் பக்கத்தைத் தொட்டு, சில்லுகளின் நடுவில் ஒரு கோடு இழுத்தார். "சேறு இவ்வளவுக்கு. நான் போகேக்க இவ்வளவுக்குத்தான் நிண்டது."

துருவுக்கு ஒரு நிறம் இல்லை. புதிய துரு செம்மஞ்சள், பழையது கபிலம், உப்புத் தண்ணீரில் கிடந்தது கறுப்புக்குக் கிட்ட. பூச்சால் அதைச் செய்வதைவிட உண்மையான துருவையே அரைத்து ஒட்டினால் என்ன என்று நினைத்தேன். ஆய்வுகூடத்தில் உரலும் உலக்கையும் இருந்தன. நான் அதைச் சரியான யோசனை என்றுதான் நினைத்தேன்.

ஸைனுலாப்தீன் நானாவைக் கேட்டேன். கிண்ணியாக்காரர். ஐயாவோடு தளத்தில் வேலை செய்தவர். வெள்ளைக்காரர் போன பிறகு பழைய இரும்பு வாங்கி விற்றார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஐயாவைப் பார்க்க வருவார். வரும்போதே முற்றத்திலிருந்து சத்தம் போடுவார்.

"என்ன பஸ்தியான், இன்னும் இருக்கிறியா? நான் உன்ர கதிரையை விலை பேசி வைச்சிருக்கிறன்."

"அதில இரும்பு இல்லை. உனக்கு உதவாது."

"ஆணி இருக்குமே."

அவர் போகும்போது படலைவரை கூடப் போய், யுத்த கால இரும்பு எங்காவது கிடக்கிறதா என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. "கப்பல், கிறேன், தண்டவாளம் எல்லாம் வெட்டி வித்தனான் டீச்சர். இந்தப் பக்கத்தில ஒரு சாமான்தான் மிச்சம். இறக்கக்கண்டிக்கு அங்கால களப்புக்குள்ள. ஒரு டாங்கி."

"ஏன் அதை வெட்டவில்லை?"

"ரெண்டு பேரை வெட்ட விட்டனான். கருவியைப் போட்டிட்டு ஓடி வந்திட்டானுகள். உள்ள ஆள் இருக்காம்." அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "இவனிட்டச் சொல்லாதீங்க."

அடுத்த சனிக்கிழமை பகல் பதினொரு மணி. அவருடைய லொறியில் நிலாவெளி தாண்டிப் போனோம். மார்ச் நடுப்பகுதி. களப்புத் தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. வெயில் சேற்றில் பட்டு வெள்ளையாகத் திரும்பி வந்தது. கண்டல் மரங்களுக்கு நடுவில் அது ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அரைவாசி சேற்றுக்குள். தலையின் உச்சி மூடியை ஒரு தடித்த கண்டல் மரம் அணைத்துப் பிடித்தமாதிரி நின்றது. மரம் இரும்பைச் சுற்றியே பருத்து வளர்ந்திருந்தது.

பறவைகள் இல்லை. அதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

ஸைனுலாப்தீன் நானா கரையில் நின்றுவிட்டார். "போய் எடுத்துக்கொண்டு வாங்க. சுரண்டி எடுங்க டீச்சர். அடிக்காதீங்க."

தூசு கண்ணில் படும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

காய்ந்த சேறு காலைத் தாங்கியது. கிட்டப் போனதும் மணம் வந்தது. சேற்று மணம் தெரியும். இது வேறு. பூட்டிய அறையில் பல நாள் இருந்த மூச்சின் மணம். கத்தியால் சுரண்டினேன். தூள்தான் வந்தது. எனக்குச் செதிலாக வேண்டும். மூடிக்குப் பக்கத்தில் நல்ல தடித்த செதில் ஒன்று கிளம்பி நின்றது. பையில் ஆய்வுகூடத்துச் சின்னச் சுத்தியல் இருந்தது. மெதுவாகத் தட்டினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

செதில் விழுந்தது. கடுதாசியில் சுற்றினேன். கீழே கொஞ்சம் ஈரச் சேறும் போத்தலில் எடுத்தேன். கரைக்கு வந்தபோது நானாவின் முகம் சாம்பலாக இருந்தது.

"தட்டினது நீங்களா?"

"ஓம்."

"எத்தினை தரம்?"

"மூன்று."

அவர் லொறியின் கதவைத் திறந்தார். கை வழுக்கியது. மறுபடி திறந்தார்.

"நான் ஆறு கேட்டனான்" என்றார்.

லொறி புறப்பட்டது. எதிரொலியாக இருக்கலாம் என்று நினைத்தேன். சேறு எதிரொலி தராது என்பதும் எனக்குத் தெரியும்.

துருவை உரலில் அரைத்தேன். ஒட்டும் பூச்சோடு கலந்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி வைத்தேன். சேற்றைச் சில்லுகளின் நடுவரை, ஐயா இழுத்துக் காட்டிய கோடுவரை பூசினேன். திங்கட்கிழமை பின்னேரம் வேலை முடிந்தது. தாங்கி மேசையில் இருந்தது. அது விளையாட்டுச் சாமானாகத் தெரியவில்லை. தூரத்தில் நிற்கும் பெரிய தாங்கியாகத் தெரிந்தது. விறாந்தை முழுவதும் அந்த மணம்.

ஐயா மணந்து பார்த்தார். கண்கள் பெரிதாயின.

"இது எங்க எடுத்தது?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"பிள்ளை. தட்டினீங்களோ?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

டொக்.

டொக். டொக்.

மேசையிலிருந்து வந்தது. நகத்தால் தட்டும் அளவுச் சத்தம். சுவர் மணிக்கூட்டில் நான்கு.

ஐயா அழவில்லை. நெடுநாள் எதிர்பார்த்த ஒருவர் படலைக்குள் வந்ததைப்போல் தலையை ஆட்டினார். பிறகு சொன்னார். நான் கேட்டபடியே எழுதுகிறேன்.

"கப்பலின்ர அடி அறையளுக்குள்ள நாங்கள் துரு உடைப்பம். வேலை முடிஞ்சு மூடியைப் பூட்ட முதல், வெளியில நிக்கிறவன் மூண்டு தரம் தட்டோணும். உள்ள ஆள் இருந்தால் அவனும் மூண்டு தட்டுவான். அதுதான் எங்கட சட்டம். நாப்பத்திமூண்டாம் ஆண்டு, டிசம்பர் மழை. ஆமிக்காரர் பயிற்சிக்குப் போகேக்க ஒரு டாங்கி றோட்டால வழுக்கிக் களப்புக்குள்ள சரிஞ்சுபோச்சு. சங்கிலியோட எங்களைக் கூப்பிட்டவங்கள். ஆக்கள் எல்லாரும் வெளியில வந்திட்டினமோ இல்லையோ எண்டு ஒருத்தனுக்கும் தெரியேல்லை. மூடி மரத்தோட இறுகிப்போய்க் கிடந்தது. நான்தான் சின்ன ஆள். பலகை போட்டு என்னை அனுப்பினான் எங்கட வெள்ளைக்காரத் துரை. போற வழியில சேத்துக்குள்ள நெஞ்சுவரை போனன். எப்பிடி ஏறினன் எண்டு எனக்கே தெரியாது. போய் மூண்டு தட்டினன்."

அவர் நிறுத்தினார்.

"மூண்டு வந்தது."

"பிறகு ஐயா?"

"ஆள் இருக்குது எண்டால் திரும்பவும் என்னைத்தானே அனுப்புவான்? தண்ணி ஏறுது. பயம், பிள்ளை. கரைக்கு வந்தன். துரை கேட்டான். நான் சொன்னன், ஒருத்தரும் இல்லை, சேர். எல்லாரும் லொறியில ஏறினம். நாலு மணி."

தாங்கி சத்தமில்லாமல் இருந்தது.

"முப்பது வருஷத்துக்கு மேல. எனக்குக் கால் இருந்த காலத்தில போகப் பயம். இப்ப பயம் இல்லை, கால் இல்லை. அதுதான் இதைச் செய்விச்சது. நான் சாக முதல் என்ர கையால அந்த மூடியை ஒருக்காத் திறந்துவிட வேணும். திறவாமல் போனால் நானும் உள்ளுக்குள்ளதான்." நடுங்கும் கையை நீட்டினார். "தாங்கோ. திறக்கிறன்."

மூடியின் விளிம்பை நகத்தால் தடவினேன்.

"ஐயா... அதை ஒட்டிப்போட்டன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அந்த மூடியோடு போராடினேன். சவர அலகை விளிம்பில் வைத்து அழுத்தினேன். அலகு உடைந்தது. ஊசியைச் சுடவைத்துக் குத்தினேன். பிளாஸ்ரிக் இளகவேண்டும். இளகவில்லை. ஊசி இரும்பில் பட்டதுபோல் வளைந்தது. தலைப்பகுதியையே அறுக்க வாள் வாங்கி வந்தேன். இரண்டு இழுப்பில் பற்கள் மழுங்கின. ஐயா கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். நான்கு மணிக்கு மூன்று தட்டு. நான் கையை எடுத்துவிடுவேன்.

புதன்கிழமை இன்னொன்றைக் கண்டேன். சேற்றுக் கோடு நான் பூசிய இடத்தில் இல்லை.

கண் பிழை என்று நினைத்து அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். மேசையிலிருந்து பதினொரு மில்லிமீற்றர். வியாழன், பதினாறு. வெள்ளி, இருபத்திரண்டு. சேறு ஈரமாக இருந்தது. நான் பூசியது திங்கட்கிழமையே காய்ந்துவிட்டது.

மூடியின் விளிம்பு எண்பது மில்லிமீற்றரில் இருந்தது.

சேறு எழுபதைத் தாண்டிய நாள் ஐயாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மக்டலின் அக்கா லீவு போட்டா. டொக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, நெஞ்சுக்குள் தண்ணீர் நிற்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்றார். ஐயா கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்றார்.

"கண்ட கண்ட சேத்தை வீட்டுக்குள்ள கொண்டு வந்து" என்று அக்கா முணுமுணுத்தா. "நாத்தம் தாங்க ஏலாமல் கிடக்குது. எறியவா எண்டால் அவர் கத்துறார்." அவவுக்குத் தட்டும் சத்தம் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமைச் செவ்வாய். அக்கா பங்குச் சாமியாரைக் கூட்டிவரப் போயிருந்தா. ஐயாவைக் கட்டிலில் கிடத்தியிருந்தோம். மூச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொப்பளித்தது. தாங்கி அவருடைய நெஞ்சுக்குப் பக்கத்தில். சேறு மூடியின் விளிம்பில் நின்றது.

"பிள்ளை."

"ஐயா."

"திறந்ததோ?"

"இன்னும் இல்லை."

"எனக்குக் கண் தெரியேல்லை. தட்டிப் பாருங்கோ. இருக்கினமோ எண்டு."

நான் ஆள்காட்டி விரலின் நகத்தால் மூடியைத் தட்டினேன். மூன்று தரம்.

உடனே வந்தது. மூன்று. முன்னைய நாட்களைவிடப் பலமாக. கட்டிற்சட்டம் அதிர்ந்தது. ஒரு மூன்று முடிந்து இன்னொரு மூன்று. பிறகு எண்ண முடியாமல், பல கைகள் சேர்ந்து.

ஐயாவின் காது கேட்கும் காதுதான். ஆனால் அவர் என் வாய்ச்சொல்லுக்குத்தான் காத்திருந்தார். நான் உண்மையைச் சொன்னால் அவர் பயத்தோடு சாவார். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத்தான் பயம். உண்மையைச் சொன்னால் திற என்பார்.

"ஒருத்தரும் இல்லை ஐயா" என்றேன்.

சத்தம் நின்றது.

அவர் மெல்லச் சிரித்தார். "நானும் அப்பிடித்தான் சொன்னனான்" என்றார்.

மூச்சு கொப்பளிப்பது நின்றது. சுவர் மணிக்கூடு நான்கு அடித்தது.

அடுத்த நாள் பின்னேரம் அடக்கம். வின்சன்டுக்குத் தந்தி போயிருந்தது, அவனால் வர முடியாது. மக்டலின் அக்கா அழுதழுது தாங்கியைக் கொண்டுவந்து சவப்பெட்டிக்குள் ஐயாவின் காலடியில் வைத்தா.

"நாலு வருஷம் ஆசைப்பட்டவர், தங்கச்சி. கூடப் போகட்டும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். வீடு நிறையச் சனம். எல்லோரும் பார்ப்பார்கள். நான் பேசாமல் நின்றேன்.

பெட்டி செய்தவர் மூடியை வைத்தார். நான்கு மூலையிலும் ஆணி இறங்கியது. கடைசியில் மூடி சரியாக இருந்ததா என்று உள்ளங்கையால் அடித்துப் பார்த்தார்.

மூன்று தரம்.

உள்ளேயிருந்து மூன்று வந்தது.

பெட்டி செய்தவர் ஆணிப்பையைக் கட்டிக்கொண்டிருந்தார். சாமியார் புத்தகத்தைப் புரட்டினார். ஒருவரும் திரும்பவில்லை. சனங்களுக்கு மேலால் முற்றத்தைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஸைனுலாப்தீன் நானா நின்றார். தொப்பியைக் கையில் கசக்கிப் பிடித்திருந்தார். அவர் என்னையே பார்த்தார். அவருக்குக் கேட்டிருந்தது.

திறவுங்கோ என்று ஒரு சொல். அவ்வளவுதான். டொக்டர் மரணச் சான்று எழுதித் தந்துவிட்டார், இரவு முழுக்க எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த உடம்பு. அது தாங்கிக்குள்ளிருந்து வந்த சத்தம்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். முகம் சூடாகியது. ஐம்பது பேருக்கு முன்னால் நான் ஒருநாளும் கதைத்ததில்லை.

பெட்டியைத் தூக்கினார்கள்.

நானா படலைக்கு வெளியே எனக்குக் கிட்ட வந்து, ரகசியமாகச் சொன்னார். "நீங்க சொல்லுவீங்க எண்டு நான் பாத்துக்கொண்டு நிண்டனான் டீச்சர்."

"நான் உங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன் நானா."

அவர் லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

வியாழக்கிழமை வீட்டை விட்டுப் போக முடிவு செய்தேன். அக்கா சொந்தக்காரரோடு கோயிலுக்குப் போயிருந்தா. வெளியே நல்ல வெயில். அறையில் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. காற்று இல்லை. கதவு மெதுவாக வந்து தானாகச் சாத்திக்கொண்டது.

நான் பொருட்படுத்தவில்லை. கொண்டி இல்லாத கதவு.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவை இழுத்தேன். வரவில்லை. பெட்டியை வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தேன். வெளியே ஒரு மரம் வளர்ந்து அணைத்துப் பிடித்தமாதிரி இருந்தது.

யன்னற்பலகைகளும் சாத்தியிருந்தன. எப்போது சாத்தின என்று தெரியாது.

அந்த மணம் வந்தது. பூட்டிய அறையில் பல நாள் இருந்த மூச்சு.

பாதம் குளிர்ந்தது. குனிந்து பார்த்தேன். சிவப்புச் சீமெந்து தெரியவில்லை. நான்கு சுவரிலும் கணுக்கால் உயரத்தில் ஒரு கோடு நேராக ஓடியது. கறுப்பு. ஈரம். அடிமட்டம் இல்லாமலே தெரிந்தது, அது ஏறிக்கொண்டிருந்தது.

விறாந்தை மணிக்கூடு நான்கு அடித்தது.

வெளியே யாரோ நடந்து வந்தார்கள். ஒரு காலால் இல்லை. இரண்டு காலாலும். பலகையில் நடப்பவர்போல் கவனமாக. கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

டொக். டொக். டொக்.

எனக்கு முறை தெரியும். நான் மூன்று தரம் தட்டினேன். கத்தவும் செய்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பலமாக நான் கத்தியதில்லை. மறுபடி மூன்று தட்டினேன். மறுபடி மூன்று.

வெளியே ஒரு மூச்சு எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம், இளம் குரலில், மரியாதையாக, யாருக்கோ சொன்னார்.

"ஒருத்தரும் இல்லை, சேர்."